11 ஆண்டுகளாகப் பாத்திரத்தைக் குடிக்காமல் கைமாற்றிவிடுகிறேன். அதன் பொருளைச் சொல்லுங்கள்

1. நாணல்

எங்கள் சபையில் திருவிருந்தில் அப்பத்துக்குப் பிறகு திராட்சரசப் பாத்திரம் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். பக்கத்தில் இருப்பவர் குடித்துவிட்டு என் கையில் தருவார். நான் குடிக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவேன். 11 ஆண்டுகளாக இப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பணத்தை முன்னிட்டு என் அண்ணனோடு பெரிய சண்டை. சொல்லக்கூடாத வார்த்தைகளை நான்தான் சொன்னேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். தகுதியில்லாமல் பானம்பண்ணுகிறவனைக் கண்டிக்கிற "அபாத்திரமாய்" என்ற சொல் காதில் விழுந்தது. அன்றைக்குக் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கைமாற்றினேன்.

ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை. அப்பத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பாத்திரத்தைப் பற்றித் தனியாக ஒன்றும் கேட்ட நினைவில்லை. அப்பம் சொன்னதையேதான் பாத்திரமும் இரண்டாம் முறை சொல்கிறதா? அல்லது அதற்கென்று வேறு பொருள் உண்டா? நான் எதை மறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றாவது எனக்குத் தெரிய வேண்டும்.

2. பழைய ஏடு

நல்ல கேள்வி. வேறு பொருள் உண்டு என்பதே என் பதில்.

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தை எடுத்தபோது "இது என்னுடைய சரீரம்" என்கிறார். பாத்திரத்தை எடுத்தபோது, பவுலும் லூக்காவும் தருகிறபடி, "இது என் இரத்தம்" என்று அவர் நேராகச் சொல்லவில்லை. "இந்தப் பாத்திரம் என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை" என்கிறார். மத்தேயுவிலும் மாற்குவிலும் இரத்தம் என்ற சொல் முன்னால் வந்தாலும், அங்கேயும் அது உடன்படிக்கைக்குரிய இரத்தம்தான். ஆக, பாத்திரத்தோடு கூடவே வருகிற சொல் உடன்படிக்கை. அப்பத்தின் வாக்கியத்தில் அந்தச் சொல் இல்லை.

அது எங்கிருந்து வருகிறது? யாத்திராகமம் 24. சீனாய் மலையடியில் மோசே பலியின் இரத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார். பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார். ஜனங்கள் "கீழ்ப்படிவோம்" என்று வாக்குக் கொடுத்த பிறகு மறுபாதியை அவர்கள்மேல் தெளித்து, "உடன்படிக்கையின் இரத்தம் இதுவே" என்கிறார். ஒரே இரத்தம் இரு தரப்பின்மேலும். அதன் பிறகு மூப்பர்கள் மலையில் ஏறி, தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள் என்று வருகிறது. இரத்தம், உடன்படிக்கை, பந்தி என்ற மூன்றும் அங்கேயே சேர்ந்துவிட்டன.

அந்த வாக்கை ஜனங்கள் காப்பாற்றவில்லை. அதனால்தான் எரேமியா 31-இல் "புது உடன்படிக்கை" என்ற பேச்சு எழுகிறது. அதன் முடிவு வரியைக் கவனியுங்கள்: அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன் என்கிறார். நாம் பாத்திரத்தை எடுத்து அவரை நினைவுகூருகிறோம். அவரோ நம் பாவத்தை நினைப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கிறார். இந்த இரண்டு நினைவுகளையும் சேர்த்து வைத்தால்தான் பாத்திரத்தின் பொருள் எனக்கு முழுமையாகிறது.

இன்னொன்று. "ஆசீர்வாதத்தின் பாத்திரம்" என்று பவுல் சொல்வது யூதர்களின் பந்தி வழக்கிலிருந்து வந்த பெயர். உணவு முடிந்து நன்றி சொல்லும்போது ஏந்தும் பாத்திரம் அது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத மரபுச் சட்டத் தொகுப்பில், பஸ்கா பண்டிகை இரவுக்கு நான்கு பாத்திரங்கள் சொல்லப்படுகின்றன. உணவுக்குப் பிந்தைய நன்றியோடு வருவது மூன்றாவது. "போஜனம்பண்ணினபின்பு" பாத்திரத்தை எடுத்தார் என்பதால் அதுவே இது என்று பலர் கருதுகிறார்கள். இயேசுவின் காலத்திலேயே அந்த ஒழுங்கு அவ்வளவு உறுதிப்பட்டிருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை வைத்து நான் பெரிய கோட்டை கட்ட மாட்டேன்.

3. உறுதிமொழி

பழைய ஏடு சொன்னது சரி. ஆனால் சகோதரர் நாணல் சொன்ன காரியத்தைக் கடந்துபோகக் கூடாது. மத்தேயு 5:23-24 தெளிவாக இருக்கிறது. உன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாக வைத்துவிட்டுப் போ. முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகு. பின்பு வந்து செலுத்து. இந்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. கொரிந்துவில் பலர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருந்தார்கள், அநேகர் நித்திரையடைந்தார்கள், அதாவது இறந்தார்கள், என்று பவுல் எழுதியது விளையாட்டுக்கு அல்ல.

சகோதரரே, நீங்கள் குடிக்காமல் இருந்தது பயபக்தி. அதை மதிக்கிறேன். ஆனால் 11 ஆண்டுகள் அண்ணனிடம் போகாமல் இருந்தது பயபக்தி ஆகாது. முதலில் அங்கே போங்கள்.

4. மணியோசை

நான் கத்தோலிக்கன். நாங்கள் பாத்திரம் என்று சொல்வதில்லை, கிண்ணம் என்போம். வேறு வீட்டுக்காரன் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நம்பிக்கையில் கிண்ணத்தில் இருப்பது அடையாளம் மட்டும் அல்ல; அது ஆண்டவரின் இரத்தமே. அப்படி நம்பியும், நூற்றாண்டுக் கணக்கில் எங்கள் பொதுமக்கள் கிண்ணத்தைத் தொட்டதே இல்லை. மேற்கத்தியத் திருச்சபையில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், ஒரு துளியும் சிந்திவிடக் கூடாதே என்ற அச்சத்தில், குருக்கள் மட்டுமே கிண்ணத்தில் அருந்தும் வழக்கம் பரவியது. அப்பம், இரசம் என்ற இரண்டில் ஒரு வடிவத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்ற போதனை அதற்குத் துணை நின்றது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அதைச் சட்டமாக்கியது. 1562-இல் திரிதெந்து சங்கம் அந்தப் போதனையை உறுதிசெய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் 1963-இல் கதவைத் திறந்தது. இன்று எங்கள் திருப்பலி நூலின் பொது விதிமுறையே, இரு வடிவங்களிலும் நற்கருணை (நீங்கள் திருவிருந்து என்பது) பெறுவது அடையாளம் என்ற வகையில் நிறைவானது என்கிறது.

நான் முதன்முதலாகக் கிண்ணத்தில் அருந்தியது என் திருமணத் திருப்பலியில். மணமக்களுக்கு அந்த அனுமதி உண்டு. அதுவரை அப்ப வடிவில் எத்தனையோ முறை பெற்றவன்தான், குறையொன்றும் உணர்ந்ததில்லை. ஆனால் கிண்ணம் உதட்டைத் தொட்டபோது, உடன்படிக்கை என்ற சொல் எனக்குப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது. சற்றுமுன்தான் என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதே நிமிடத்தில் எனக்கும் ஒருவர் வாக்குக் கொடுக்கிறார் என்று பட்டது.

5. கல்தூண்

மணியோசை அவர்கள் தம் சபையின் குறையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் லுத்தரன். விட்டுப்போன மறுபக்கத்தைச் சேர்க்கிறேன்.

கான்ஸ்டன்ஸ் தீர்மானம் வந்தது 1415 ஜூன் 15. அதற்கு முந்தைய ஆண்டே பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின்) பிராக் நகரில் ஸ்திரிப்ரோவைச் சேர்ந்த யாகூபெக் என்ற குரு பொதுமக்களுக்குக் கிண்ணத்தைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். சிறையிலிருந்த பொஹீமியச் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ் அதை ஆதரித்து எழுதினார். தீர்மானம் வந்து மூன்று வாரத்தில், ஜூலை 6-ஆம் தேதி, அவரை உயிரோடு எரித்தார்கள். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் வேறு பல. ஆனால் பொஹீமிய மக்கள் தங்கள் கொடிகளில் வரைந்துகொண்டது கிண்ணத்தைத்தான். பல ஆண்டுகள் போர் நடந்தது. 1436-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் கிண்ணத்தை மக்கள் திரும்பப் பெற்றார்கள்.

1520-இல் லுத்தர் எழுதியபோது, திருச்சபையின் சிறையிருப்புகளில் முதலாவதாக அவர் எண்ணியது இதைத்தான். ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டளைகளில் 30-ஆவதும், ஆண்டவரின் பாத்திரத்தைப் பொதுமக்களுக்கு மறுக்கக் கூடாது என்கிறது.

நாணல் அவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்பது மத்தேயு 26:27. அப்பத்தைக் கொடுத்தபோது "எல்லாரும்" என்ற சொல் இல்லை, பாத்திரத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். உங்களிடமிருந்து பாத்திரத்தைப் பறிக்க எந்தச் சங்கமும் கூடவில்லை. உங்களுக்கு நீங்களே ஒரு கான்ஸ்டன்ஸ் ஆகிவிட்டீர்கள்.

6. தெளிந்தநீர்

கல்தூண் அவர்களுக்கு ஒரு வார்த்தை. "எல்லாரும்" என்றால் என்னைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் குடிநோயிலிருந்து மீண்டவன். மது தொட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஆலயத்தில் புளித்த திராட்சரசம்தான். பாத்திரம் அருகில் வரும்போதே வாசனை வரும். அந்த வாசனையோடு நான் நடத்திய போராட்டம் வேறு யாருக்கும் புரியாது. ஒருநாள் ஆயரிடம் அழுதே கேட்டேன். அப்பம் மட்டும் பெற்றுக்கொள், உனக்கு ஒன்றும் குறைவாகக் கிடைக்கவில்லை என்றார். மணியோசை சொன்ன அதே போதனை: ஒரு வடிவத்தில் முழு கிறிஸ்து. ஒரு காலத்தில் மக்களிடமிருந்து பாத்திரத்தை எடுத்துவிடப் பயன்பட்ட வாதம், என்னைப் பந்தியில் உட்காரவைத்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு சகோதரி கத்தோலிக்க ஆலயத்தில் கிண்ணம் மட்டும் பெறுகிறார் என்று அறிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அவர் விட்டதை நான் எடுக்கிறேன், நான் விட்டதை அவர் எடுக்கிறார்.

புளிக்காத சாறு பயன்படுத்தும் சபைகளைக் கேலி செய்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபையார், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழியைக் கண்டது திருவிருந்துக்காகத்தான். "திராட்சப்பழரசம்" என்றுதான் மாற்கு 14:25-உம் சொல்கிறது.

7. பழைய ஏடு

தெளிந்தநீர் அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். மூல மொழியில் "திராட்சைக்கொடியின் கனி" என்றே இருக்கிறது. பஸ்கா காலத்தில் அது புளித்ததாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அறுவடை முடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் அதை உங்கள்மேல் சட்டமாக வைக்க எந்த வசனமும் இல்லை.

அந்த வசனத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. தேவனுடைய ராஜ்யத்தில் நவமாய்ப் பானம்பண்ணும் நாள்வரைக்கும் இனி இதைப் பானம்பண்ணுவதில்லை என்கிறார். அவரும் ஒரு பாத்திரத்துக்காகக் காத்திருக்கிறார்.

8. உறுதிமொழி

சிறு கிண்ணங்களைப் பற்றி யாராவது பேசுங்கள். 1890-களில் கிருமி பற்றிய அச்சத்தில் வந்த வழக்கம் அது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே பாத்திரத்தை வைத்திருந்த சபைகள்கூட நிறுத்திவிட்டன. ஆளுக்கொரு கிண்ணம் என்றால் "ஐக்கியம்" எங்கே? எனக்கு இது உறுத்துகிறது.

9. கல்தூண்

எனக்கும் ஒரே பாத்திரம்தான் பிடிக்கும். ஆனால் 1 கொரிந்தியர் 10-ஐப் பாருங்கள். "ஒரே அப்பம்" என்று பவுல் அழுத்திச் சொல்கிறார். "ஒரே பாத்திரம்" என்று சொல்லவில்லை. ஒரே குடத்திலிருந்து ஊற்றினால் போதும் என்று நினைக்கிறேன். இதற்காகச் சபை பிரிவது மட்டும் எனக்குத் தாங்காது.

10. நாணல்

எல்லாருக்கும் நன்றி. உறுதிமொழி அவர்களுக்குப் பதில் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

போவதற்கு வழியில்லை. அண்ணன் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் போயிருக்கலாம். அடுத்த மாதம், பண்டிகைக்கு, பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலை தொலைபேசி வந்தது. அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்க்கவில்லை.

காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது வசனம். நான் வைத்துவிட்டேன். போகவேண்டிய இடம் இப்போது இல்லை. அப்படியானால் நான் திரும்பி வரவே முடியாதா?

11. உறுதிமொழி

சகோதரரே, எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தொனியில் எழுதியிருக்க மாட்டேன். என்னை மன்னியுங்கள். வசனம் வசனம்தான், அதை நான் மாற்றவில்லை. ஆனால் அதை உங்கள்மேல் எறிந்துவிட்டேன்.

12. காலைவிளக்கு

நாணல் தம்பி, நான் 30 ஆண்டுகளாகச் சபை ஊழியத்தில் இருப்பவள். இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். உங்களைப் பிடித்துவைத்திருப்பது ஒரு சொல். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பாத்திரம் என்றால் நம் மொழியில் கலம். தகுதி என்றும் பொருள். "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது நம் பழமொழி. வாங்குபவன் தகுதியுள்ளவனா என்று பார்த்துக் கொடு. நம் வேதாகமத்தில் ஒரே வசனத்தில் இரண்டும் வந்து நிற்கின்றன: அபாத்திரமாய்ப் புசித்து, அவருடைய பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவன். தமிழில் வாசிக்கிற நமக்கு அது இரண்டு மடங்கு அச்சம் தருகிறது. நான் பாத்திரன் அல்லவே, எனக்கேன் பாத்திரம் என்று மனம் ஓடுகிறது. மூலத்தில் இந்த ஒலி ஒற்றுமை கிடையாது. அங்கே உள்ள சொல், குடிக்கிற முறையைக் குறிக்கிற வினையடை. எவன் அபாத்திரன் என்று பவுல் கேட்கவில்லை. எப்படிக் குடித்தார்கள் என்று கேட்கிறார்.

எப்படிக் குடித்தார்கள்? அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனம்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். குற்றம் அதுதான். பக்கத்தில் இருக்கிறவன் கண்ணில் படாமலே பந்தியில் உட்கார்ந்தது. மனம் நொறுங்கினவன் நடுக்கத்தோடு வந்து குடித்ததைப் பவுல் எங்கேயும் கண்டிக்கவில்லை. "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்ற பிறகு அவர் சொல்வது "விலகியிரு" என்று அல்ல; புசித்துப் பானம்பண்ணக்கடவன் என்றுதான் அந்த வாக்கியம் முடிகிறது.

கிழக்கத்திய மரபுச் சபைகளில், ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கும் சிறு கரண்டியால் கிண்ணத்திலிருந்து கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தை எந்தத் தகுதியைக் கொண்டுவந்தது? வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

இனி இன்னொரு பாத்திரம். அதே இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவர் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று ஜெபிக்கிறார். அது எந்தப் பாத்திரம்? ஏசாயா 51-இல் வருகிற தத்தளிப்பின் பாத்திரம், உக்கிரத்தின் பாத்திரம். அந்த அதிகாரத்திலேயே, அதை உன் கையிலிருந்து நீக்கிப்போடுகிறேன், இனி நீ குடிப்பதில்லை என்று தேவன் சொல்லியிருக்கிறார். நீக்கினதை யார் கையில் கொடுத்தார்? தோட்டத்தில் முகங்குப்புற விழுந்திருந்தவர் கையில். அவர் அதை அடுத்தவரிடம் கைமாற்றவில்லை. குடித்தார்.

உங்கள் கைக்கு மாதந்தோறும் வருவது அதற்கு மாற்றாக அவர் வைத்துவிட்டுப் போன பாத்திரம். நீங்கள் அதைக் கைமாற்றிவிட்டு, அவர் ஏற்கெனவே குடித்துத் தீர்த்ததை 11 ஆண்டுகளாக வீட்டில் தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த மேசையில் யார் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். லூக்காவின் வரிசைப்படி, பாத்திரத்தைக் கொடுத்த பிறகுதான், காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னுடனேகூடப் பந்தியிலிருக்கிறது என்று யூதாஸைக் குறித்துச் சொல்கிறார். பேதுரு மறுதலிப்பான் என்றும் தெரிந்தே கொடுத்தார்.

மத்தேயு 5-க்கு வருகிறேன். உறுதிமொழி சொன்னதை நான் தள்ளவில்லை. போகவேண்டிய இடம் இல்லை என்கிறீர்கள். அண்ணி இருக்கிறார்கள் அல்லவா?

13. கல்தூண்

யூதாஸ் பற்றி ஒரு சிறு திருத்தம். யோவான் 13:30-இன்படி அவன் அப்பத் துணிக்கையை வாங்கினவுடனே வெளியே போய்விட்டான். ஆகவே பாத்திரத்தின்போது இருந்தானா என்பதில் பழைய காலத்திலிருந்தே இரு கருத்து உண்டு. மற்றபடி அக்கா எழுதிய ஒவ்வொரு வரியோடும் நிற்கிறேன்.

14. காலைவிளக்கு

யோவான் பாத்திரத்தைப் பற்றியே எழுதவில்லை, அதனால் நான் லூக்காவோடு நிற்கிறேன். யூதாஸை விட்டுவிட்டாலும் பேதுரு போதும்.

15. மணியோசை

ஒன்றே ஒன்று. இதை எல்லாரும் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். எங்கள் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டு ஒவ்வொன்றிலும் இறந்தோரை நினைவுகூர்கிறோம். கிண்ணத்தைச் சுற்றி நிற்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள் மட்டும் அல்ல என்பது எங்கள் நம்பிக்கை. உங்கள் அண்ணனோடு பேச வழியே இல்லை என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஞாயிறு அவருக்காக வேண்டுகிறேன். பெயர் தேவையில்லை.

16. நாணல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அண்ணி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று என்ன சொல்வது என்று பயணம் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "உள்ளே வாருங்கள் தம்பி" என்றார்கள். சண்டையைப் பற்றி நான்தான் எடுத்தேன். அவர் உங்களைப் பற்றிக் குறையாகப் பேசியதில்லை என்று அண்ணி சொல்லவில்லை. பேசினார், கோபமாகத்தான் பேசினார் என்றார்கள். பிறகு, கடைசி மாதத்தில் என்னைக் கூப்பிடலாமா என்று ஒருமுறை கேட்டாராம். அதற்குள் மருத்துவமனை. அந்த உண்மை எனக்குப் பொய்யான ஆறுதலைவிட நன்றாக இருந்தது. பணக் கணக்கில் நான் கொடுக்கவேண்டியது இருந்தது. அதையும் பேசி முடித்தோம்.

போன ஞாயிறு அண்ணி எங்கள் சபைக்கு வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டதால் வந்தார்கள். என் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பாத்திரம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். அண்ணி குடித்துவிட்டு, விளிம்பைத் துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கைமாற்றியபோது அதன் கனம் எனக்குத் தெரிந்ததில்லை.

குடித்தேன். என் வலப்பக்கம் இருந்த பெரியவர் வழக்கம்போல உடனே கை நீட்டிவிட்டார். நான் இன்னும் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்.